தராசும் கையும்

கொரிய மொழியிலே 'சொன்மத்' என்று ஒரு சொல் வழங்குகின்றது. 'சொன்' என்பது கை. 'மத்' என்பது சுவை. ஒரே அரிசி, ஒரே உப்பு, ஒரே அடுப்பு. ஆயினும் ஒருத்தி ஆக்கினால் ஒரு சுவை, மற்றொருத்தி ஆக்கினால் வேறொரு சுவை. அந்த வேற்றுமைக்குக் காரணம் பண்டத்தில் இல்லை, கையிலே இருக்கின்றது என்பது அச்சொல்லின் கருத்து. நம்மவர் கைப்பக்குவம் என்று கூறுவதும் இதனையே.

கைக்குரிய அறிவைப் பள்ளிக்கூடத்திற் படிக்கலாமா? படிக்கலாம் என்று கொரிய அரசாங்கம் கருதுகின்றது. அதற்கெனப் பரீட்சையும் சான்றிதழும் வைத்திருக்கின்றது. படிக்க இயலாது என்று, அடுப்பங்கரையிலேயே முதுமை எய்திய பெண்கள் கருதுகின்றனர். நான் பழகிய அத்தகையோரிடம் சான்றிதழ் எதுவும் இருக்கவில்லை. தென்கொரியாவின் ஜொன்ஜு நகரிலே மொழி பயிலும் மாணவியாகத் தங்கியிருந்த காலத்தில் இவ்விரு பள்ளிகளிலும் நான் பயின்றேன். முதலில் ஒரு சமையற் பயிற்சிக் கூடத்தில், பின்னர் ஓர் உணவுச்சாலையின் குசினியில்.

ஜொன்ஜு தென்மேற்குச் சமவெளியின் நகரம். நெல் விளையும் வயல் ஒருபுறம், மலை ஒருபுறம், எட்டிய தூரத்திலே கடல். இம்மூன்றின் விளைவும் அந்நகரின் சந்தைக்கு வந்து சேரும். யுனெஸ்கோ நிறுவனம் 2012இல் இதனை உணவுக்கலை நகரங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஒரு சாப்பாட்டிற்குச் சொல்லிவிட்டு அமர்ந்தால், சோறும் சாறும் வருமுன்னரே பத்துப் பன்னிரண்டு சிறு கிண்ணங்கள் மேசையை நிரப்பிவிடும். 'பன்ச்சன்' எனப்படும் அப்பக்கக் கறிகளுக்குத் தனி விலை இல்லை. தீர்ந்தால் மீண்டும் கேட்கலாம். ஊரின் புகழ் பிபிம்பப் என்னும் கலவைச் சோற்றிலே இருக்கின்றது. ஊராரின் பெருமையோ அந்தச் சிறு கிண்ணங்களிலேதான் இருக்கின்றது.

பயிற்சிக் கூடங்களை அங்கே 'ஹக்வொன்' என்பர். கணிதத்திற்கும் ஆங்கிலத்திற்கும் இசைக்கும் இருப்பது போலவே சமையலுக்கும் உண்டு. பரீட்சை ஒன்றையே மனத்திற் கொண்டு பாடம் நடத்தும் வகையில் அவை நம்மூர் ரியூற்றரிகளின் உடன்பிறப்புகள் எனலாம். கொரியச் சமையலாளர் தகுதிப் பரீட்சை எழுத்தில் ஒன்றும் செய்முறையில் ஒன்றுமாக இரு பகுதிகளை உடையது. செய்முறைக்குரிய உணவுகள் முப்பதுக்கு மேல். அவற்றின் பட்டியல் முன்னரே வெளியாகிவிடும். பரீட்சை நாளில் அவற்றுள் இரண்டைச் சமைக்கும்படி கேட்பார்கள். நூற்றுக்கு 60 புள்ளி பெற்றாற் சித்தி.

பிபிம்பப்புக்கு வெட்டும் மரக்கறி ஒவ்வொன்றும் 0.3 சென்ரிமீற்றர் அகலமும், அதே கனமும், 5 சென்ரிமீற்றர் நீளமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. எங்கள் ஆசிரியை வெட்டுப்பலகையின் அருகே ஓர் அடிமட்டத்தை வைத்திருந்தார். நாம் வெட்டியவற்றை அதன் மேல் அடுக்கிப் பார்ப்பார். ஒன்று சற்றே நீண்டிருந்தாலும் சொல்லாமல் எடுத்து அப்பால் வைப்பார். முட்டையின் வெண்கருவையும் மஞ்சட்கருவையும் பிரித்து, தனித்தனியே மெல்லிய தகடாகச் சுட்டு, அவற்றையும் அதே அளவில் நறுக்குதல் வேண்டும். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு என்னும் ஐந்து நிறங்களும் கிண்ணத்திலே காணப்படுதல் வேண்டும். நடுவையும் ஒரு திசையாக எண்ணி, ஐந்து நிறங்களையும் ஐந்து திசைகளுக்கு உரியனவாகக் கொள்வது அவர்கள் மரபு. முதல் மாதம் முழுவதும் சுவையைப் பற்றி ஒரு சொல்லேனும் நான் கேட்டிலேன். கத்தியைப் பற்றியே கேட்டேன்.

இதனை எள்ளி நகையாடுதல் எளிது, கொரியரே நகையாடுகின்றனர். ஆனால் அந்நிய நாட்டிலிருந்து வந்து, மொழியும் அரைகுறையாகத் தெரிந்த ஒருத்திக்கு எண் எத்துணை பெரிய துணை என்பதை நான் அறிவேன். எண்ணுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. 0.3 என்றால் எவருக்கும் 0.3தான். அன்றியும், பயிற்சிக் கூடத்திலே 'ஏன்' என்று கேட்கலாம். சோயா முளையை அவிக்கும்போது மூடியை இடையிலே திறக்கலாகாது என்று ஆசிரியை கூறினார். ஏன் என்று கேட்டேன். கொதிநிலைக்குக் கீழே வெப்பம் இறங்குமாயின் அவரையிலுள்ள நொதியம் அதன் எண்ணெயோடு சேர்ந்து பச்சை வாடையை எழுப்பிவிடும் என்று விளக்கினார். தொடக்கம் முதல் மூடியே வைத்தல் வேண்டும், அல்லது தொடக்கம் முதல் திறந்தே வைத்தல் வேண்டும். நேரம் 7 நிமிடம். நான் அதனைக் குறித்துக்கொண்டேன்.

இப்பரீட்சையை நடத்துவது கொரிய மனிதவள அபிவிருத்திச் சேவை என்னும் அரச நிறுவனம். 2004இல் தொடங்கிய தொழில் அனுமதித் திட்டத்தின் கீழ்க் கொரியா செல்ல விரும்பும் நம் நாட்டு இளைஞர் எழுதும் மொழிப் பரீட்சையும் அதே நிறுவனத்துடையதே. தொழிற்சாலை, மீன்பிடி, பண்ணை என்று சென்றுகொண்டிருந்த அத்தகைய தொழிலாளருக்கு, 2024 முதல் கொரிய உணவுச்சாலைகளின் குசினிக் கதவும் சிறிது திறந்திருக்கின்றது, உதவியாளர் என்ற பெயரில். அந்த 'உதவியாளர்' என்ற சொல்லுக்குள் எத்தனை வாளி உள்ளி அடங்கியிருக்கின்றது என்பதைப் போகின்றவர்கள் அறிந்துகொண்டு போவது நல்லது.

நான் 67 புள்ளியோடு சித்தியடைந்தேன். மாணவராக வந்தோர் முன்கூட்டியே இசைவு பெற்று வாரத்திற் சில மணி நேரம் வேலை செய்யலாம் என்பது அங்குள்ள சட்டம். அவ்விசைவைப் பெற்று உணவுச்சாலை ஒன்றிற் சேர்ந்தேன். சான்றிதழை முதலாளியிடம் காட்டினேன். அவர் அதனை இரு கையாலும் வாங்கிப் பார்த்து, இரு கையாலும் திருப்பித் தந்துவிட்டு, கோப்பை கழுவும் இடத்தைக் காட்டினார். ஆறு வாரம் கோப்பை கழுவினேன். அதன் பின்னர் உள்ளி உரித்தேன். அதன் பின்னர் சோயா முளைகளின் வாலைக் கிள்ளினேன். ஒரு வாளி முளையின் வாலைக் கிள்ளி முடிக்க ஒரு பிற்பகல் வேண்டும். மணிமேகலையின் பாத்திரத்தைப் போல் அந்த வாளி குறைவதேயில்லை.

பக்கக் கறிகளுக்குப் பொறுப்பான பெண்ணைச் 'சன்மோ' என்பர். 'கறித்தாய்' என்று பெயர்த்துக் கூறலாம். ஆனால் எவரும் அவரை அவ்வாறு அழைப்பதில்லை. உண்ண வந்தவர்களும் உடன் வேலை செய்பவர்களும் 'இமோ' என்றே அழைக்கின்றனர். தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல் அது; நம் பெரியம்மாவும் சின்னம்மாவும் அதனுள் அடங்குவர். உறவுப் பெயரால் வேலைக்காரியை அழைப்பதிலே அன்பும் உண்டு, கூலியைப் பற்றிப் பேசாதிருப்பதற்கு ஒரு வசதியும் உண்டு என்பது என் எண்ணம். (உறவுப் பெயர் என்றவுடன் வாசகர் எதிர்பார்ப்பதைச் சொல்லிவிடுகின்றேன்: கொரியக் குழந்தை தன் தந்தையை 'அப்பா' என்றே அழைக்கின்றது, தாயை 'ஒம்மா' என்கின்றது. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இல் ஓர் இலக்கண நூலே வெளியிட்டார். இன்றைய மொழியியலார் அவ்வுறவை ஏற்பதில்லை. ஏற்காவிட்டாலும், தெருவிலே ஒரு பிள்ளை 'அப்பா' என்று கூவும்போது திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.)

எங்கள் இமோ எழுபதைத் தாண்டியவர். தெற்குக் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். முப்பது வயதிலே கைம்பெண்ணாகி, குசினி குசினியாக மாறி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். இரு மணிக்கட்டிலும் எந்நேரமும் மருந்துப் பிளாஸ்ரர் ஒட்டியிருக்கும். என்னைப் 'பிள்ளை' என்று நாம் அழைப்பது போல், 'ஹக்செங்' என்று அழைப்பார். மாணவி என்பது பொருள். அளவு கேட்டால் அவரிடம் ஒரே விடைதான் உண்டு: 'ஜொக்தங்ஹி'. 'அளவாக' என்பது அதன் பொருள். உப்பு எவ்வளவு? அளவாக. எள்ளெண்ணெய்? அளவாக. என் பேர்த்தியார் கூறிய அதே விடை! பொருளின் பெயர் கேட்டாலோ, அப்பகுதி மக்களின் செல்லச் சொல்லான 'கொசிகி' வந்துவிடும். நாம் 'அந்தச் சாமான்' என்பது போன்றது. 'அந்தச் சாமானை அந்தச் சாமானுக்குள் அளவாகப் போடு' என்பது அவர் எனக்கு இட்ட முதற் கட்டளை. பரீட்சையிற் சித்தியடைந்த நான் வாளியும் கையுமாக நின்றேன்.

சோயா முளையை அவர் அவிக்கும்போது அருகிலே நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நாள் ஆறு நிமிடம், ஒரு நாள் எட்டு நிமிடம். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முகத்தை மூடிக்கு அருகே கொண்டுசென்று மணத்தைப் பார்த்தார். பச்சை மணம் போய் இனிய மணம் வரும் கணத்தில் அடுப்பை அணைத்தார். முளை தடித்த நாளிற் கணம் பிந்தியது. மெலிந்த நாளிற் முந்தியது. ஆசிரியை கூறிய காரணத்தை நான் எடுத்துச் சொன்னபோது அவர் பொறுமையோடு கேட்டுவிட்டு, 'அப்படியானால் என் மூக்குச் சரி' என்றார்.

அவித்த கீரையை நீர் போகப் பிழிந்து, உப்பும் உள்ளியும் எள்ளெண்ணெயும் இட்டுக் கையாற் பிசறுவது கொரியரின் நித்தியக் கறி. எவ்வளவு பிழிவது? பயிற்சிக் கூடத்திலே 'மெல்லெனப் பிழிக' என்று எழுதியிருந்தார்கள். நான் பிழிந்ததைத் தொட்டுப் பார்த்த இமோ ஒன்றும் பேசவில்லை. வேறொரு பிடி கீரையை என் கையில் வைத்து, அதன் மேல் தம் கையை வைத்து அழுத்தினார். நீர் விரலிடையே ஓடிற்று. ஓட்டம் நின்று துளியாகியதும் கையை எடுத்துவிட்டார். அவ்வளவுதான் பாடம். அந்த அழுத்தத்தை என் உள்ளங்கை இன்றும் அறியும். எத்தனை கிராம் நீர் என்று எனக்குத் தெரியாது.

இதனால் அப்பெண்கள் அளவே அறியாதவர்கள் என்று எண்ணுதல் பிழை. குளிர்காலக் கடைசியிலே சோயாக் கட்டிகளை உப்புநீரில் ஊறவைப்பார்கள். அவித்து மசித்துக் கட்டியாக்கி, வைக்கோலாற் கட்டித் தொங்கவிட்டு உலர்த்திய அவரை அது. நாற்பது முதல் அறுபது நாள் மட்பாண்டத்தில் ஊறிய பின், வடிந்த நீர் சோயாச் சாறாகும். எஞ்சிய களி 'துவென்ஜங்' என்னும் கூட்டாகும். உப்புநீர் சரியான செறிவுடையதா என்று பார்க்க இமோ ஒரு முட்டையை அதிலே மிதக்கவிட்டார். நீருக்கு மேலே தெரியும் ஓட்டின் வட்டம் 500 வொன் நாணயத்தின் அளவு இருந்தால் உப்புப் போதும். இது பௌதிகம் அன்றி வேறு யாது? யுனெஸ்கோ 2024இல் இக்கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களோடு சேர்த்தது. முட்டை மிதந்தது அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே.

கார்த்திகை கடைசியிலே 'கிம்ஜங்' வரும். குளிர்காலத்துக்கெனக் கிம்ச்சி போடும் பருவம் அது. வீட்டில் இருபது முப்பது கோவா. எங்கள் குசினியிலோ நானூறு. நீண்ட சீனக் கோவாவை நெடுக்காகப் பிளந்து, உப்பிலே ஓர் இரவு கிடத்தி, கழுவி, வடித்து, செத்தல் மிளகாய்த் தூள், உள்ளி, இஞ்சி, முள்ளங்கி, உப்பிட்ட இறால், மீன்சாறு, பச்சரிசிக் கஞ்சி எல்லாம் கலந்த கூட்டை இலை இலையாகப் பூசுவார்கள். தயிரைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிரின் இனமே இதனையும் புளிக்க வைக்கின்றது. சிவந்த அக்குவியலைப் பார்ப்பவர் மிளகாய் கொரியாவின் ஆதிக் குடி என்றே எண்ணுவர். அன்று. நம் தீவுக்கு வந்தது போலவே, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடலோடிகள் வழியாக வந்த பயிர் அது. 1614இல் ஒரு கொரிய அறிஞர் அதனை யப்பானியக் கடுகு என்று குறிப்பிடுகின்றார். நாம் நம் பழைய மிளகின் பெயரை அதற்குச் சூட்டி மிளகாய் என்றோம். கொரியரும் தாம் முன்பு அறிந்திருந்த காரப் பொருளின் பெயரைக் கொண்டே அதனை அழைத்தனர்.

கிம்ச்சியின் உயிர் உப்பிடுதலிலே இருக்கின்றது. பயிற்சிக் கூடத்தில், நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்புநீர், எட்டு முதற் பத்து மணி நேரம் என்று படித்தேன். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் மழை மிகுந்திருந்தது. மழை குடித்த கோவாவின் தண்டிலே நீர் கொழுத்திருக்கும். இலையோ மென்மையாகி உப்பை விரைவிலே ஏற்றுக்கொள்ளும். இமோ உப்பை இலையிற் படாமல் தண்டுக்குள்ளே மட்டும் தூவினார். உப்பும் புதிதன்று; மூன்று ஆண்டு சாக்கிலே வைத்துக் கசப்புநீர் வடிந்த கடலுப்பு. இரவு இரண்டு மணிக்கு எழுந்து வந்து, தண்டை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார். முறிந்தால் இன்னும் ஆகவில்லை. வளைந்து நிமிர்ந்தால் ஆயிற்று. நானூற்றையும் ஒரே நேரத்தில் அவர் எடுக்கவில்லை. விடியும்வரை சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டேயிருந்தார். நான் மணிக் கணக்கைக் குறித்தேன். அது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

அந்தக் கிம்ஜங் முடிந்த பின்னரே முதலாளி என்னை அழைத்தார். இமோவின் மணிக்கட்டுகளுக்குச் சத்திரசிகிச்சை வேண்டும் என்று வைத்தியர் கூறியிருந்தார். அவர் இனி நெடுநாள் நிற்கமாட்டார். சன்மோ போனால் அவர் கையின் சுவையும் போய்விடும். அதனைத் தேடி வருவோரும் போய்விடுவர். ஆகையால் ஒரு தராசை வைத்துக்கொண்டு, அவர் எதை இட்டாலும் இடுமுன் நிறுத்து, முப்பது பக்கக் கறிகளையும் எழுதித் தரும்படி கேட்டார். 'நீ படித்தவள், உனக்கு இது எளிது' என்றார்.

எளிதாகத் தோன்றவில்லை. சன்மோவின் கூலி அவர் கையிலே இருக்கின்றது. அந்தக் கையை நம்பியே ஊரின் உணவுச்சாலைகள் அவரை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அழைத்தன. கை தாளுக்கு மாறிவிட்டால் தாளை வைத்திருப்பவருக்குக் கை எதற்கு? எழுதாமல் விட்டாலோ அது அவரோடு மறையும். அவருடைய மகள்மார் இருவரும் சியோலிலே அலுவலகங்களில் வேலை பார்க்கின்றனர்.

இந்தக் கேள்வி கொரியாவுக்குப் புதிதன்று. 1670ஆம் ஆண்டளவில் ஜங் கியே-ஹியங் என்னும் மூதாட்டி, கொரிய எழுத்தில் 146 குறிப்புகள் கொண்ட ஒரு சமையல் நூலைக் கையால் எழுதினார். அதிலே மிளகாய் இல்லை. அதன் முடிவிலே, பெண்மக்கள் இதனைப் பார்த்துப் படியெடுத்துக்கொள்ளலாம், நூலையே எடுத்துச் செல்ல எண்ணலாகாது என்று எழுதி வைத்தார். இன்னொன்று நம் காலத்தது. அரண்மனைச் சமையற்கட்டிற் பணிபுரிந்த பெண்களுள் எஞ்சியிருந்த ஹன் ஹுய்-சுன் அம்மையாரிடம், ஹ்வங் ஹே-சொங் என்னும் கல்லூரி ஆசிரியை 1940களில் மாணவியாகச் சென்றார். ஆண்டுக் கணக்காகப் பார்த்து எழுதினார். அரச சமையலைப் பற்றிய நூல் 1957இல் வெளிவந்தபோது அதன் ஆசிரியர்களுள் ஹன் அம்மையாரின் பெயரும் இருந்தது. 1971இல் அரசாங்கம் அக்கலையைத் தேசிய மரபுச் செல்வமாக்கி, முதல் உரிமையாளராக ஹன் அம்மையாரையே அறிவித்தது. மறு ஆண்டு அவர் காலமானார். 1973இல் ஹ்வங் ஆசிரியை அவ்விடத்துக்கு வந்தார். எழுதியவர் சொன்னவரின் பெயரை மறைக்கவில்லை.

நான் இமோவிடமே கேட்டேன். அவர் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார்.

'முதலாளி எழுதச் சொல்கின்றார். உங்களுக்குச் சம்மதமா?'

'என் கையை நிறுக்கப் போகின்றாரா?'

'நீங்கள் இடுவதை நிறுக்கச் சொல்கின்றார்.'

'நிறுத்துக் கொடு. நிறையெல்லாம் அவருக்கு. மற்றதை உன் எழுத்தில் எழுதி நீ வைத்துக்கொள்.'

மூன்று மாதம் எழுதினேன். ஒரு கொப்பி கொரிய மொழியில்: கிராம் கணக்கு, நிமிடக் கணக்கு. அவர் இட்டதை இட்டபடியே எழுதினேன். ஒரு கிராமும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முதற்பக்கத்திலே இமோவின் முழுப்பெயரை எழுதினேன். இது எதற்கு என்று முதலாளி கேட்டார். சமைத்தவர் பெயர் என்றேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, வாங்கி வைத்துக்கொண்டார். மற்றைய கொப்பி தமிழில்: மூடியருகே மணம் மாறும் கணம், பிழிந்த கீரையின் துளி, மழை குடித்த கோவாவின் தண்டு வளையும் விதம், புதிய உப்பின் கசப்பு நாவின் எந்த இடத்திலே தெரியும் என்பது. சிலவற்றுக்குத் தமிழிலும் சொல் கிடைக்கவில்லை. இமோ சில வேளை கொப்பியை எட்டிப் பார்த்து, நம் எழுத்தின் சுழிகளைக் கண்டு, உங்கள் நாட்டில் நூடில்ஸை வைத்தா எழுதுகின்றீர்கள் என்று கேட்பார்.

அடுத்த வேனிலில் அவர் சத்திரசிகிச்சை செய்துகொண்டு மகளிடம் சென்றார். நானும் படிப்பு முடிந்து புறப்பட்டேன். அவருடைய இடத்துக்குச் சான்றிதழ் பெற்ற இளம்பெண் ஒருத்தி வந்திருந்தாள். கொப்பியைச் சுவரிலே தொங்கவிட்டு, தராசை அருகே வைத்துக்கொண்டு சமைத்தாள். முளையும் கீரையும் குறையின்றியே வந்தன என்று உடன் வேலை செய்த பெண் எனக்கு அறிவித்தாள்.

கார்த்திகையிலே நானூறு கோவா வந்து இறங்கியபோது, அவ்வாண்டு மழை இல்லை, தண்டு வறண்டிருந்தது. முதல் நாள் உப்பிட்ட நூறும் வளையாமல் முறிந்தன. முதலாளி இமோவுக்குத் தொலைபேசி எடுத்தார். மூன்று நாளைக்கு வருவதாக அவர் ஒப்புக்கொண்டார். கோவாவைத் தாம் தூக்குவதில்லை, தொட்டுப் பார்ப்பது மட்டுமே என்றும், அந்த மூன்று நாளுக்கும் முன்பு பத்து நாளுக்குப் பெற்ற கூலி வேண்டும் என்றும் கூறினாராம். முதலாளி மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டு, பேருந்துக் கட்டணத்தையும் அனுப்பி வைத்தார்.